இடப்பக்கம் இல்லாமல் இருந்த மாதங்கள்

நாமக்கல்லில் ஒரு பெரிய விடுதிப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக விலங்கியல் நடத்துகிறேன். பதினொன்றாம் வகுப்பில் நரம்பு மண்டலம் பற்றிய பாடம் வரும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரி பிசகாமல் சொல்லுவேன். மூளையின் வலது பாதி உடம்பின் இடது பாதியைக் கவனிக்கிறது என்பது அதில் ஒரு மதிப்பெண் கேள்வி. என் மூளையின் வலது பாதியில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்ட அன்று, அந்த ஒரு மதிப்பெண் எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் அது நடந்தது. மூன்றாம் பாடவேளை. கரும்பலகையில் இதயத்தின் படம் வரைந்துகொண்டிருந்தேன். என் நினைவில் அன்று எதுவுமே நடக்கவில்லை. வலி இல்லை, தலைசுற்றல் இல்லை, கண் இருட்டவில்லை. நான் ஒழுங்காகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள்தான் என்னவோ போல் நடந்துகொண்டார்கள். முதலில் சிரித்தார்கள், பிறகு சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் பார்த்தது வேறு. நான் படத்தின் வலது பாதியை மட்டும் வரைந்துவிட்டு, பாகங்களைக் குறிக்க ஆரம்பித்திருக்கிறேன். இடம் போதாமல் பலகையின் வலது ஓரத்தில் எழுத்துகளை ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி எழுதியிருக்கிறேன். இடது பாதி வெறுமனே கிடந்திருக்கிறது. இடது தோளில் குத்தியிருந்த ஊக்கு கழன்று என் முந்தானை தரையில் இழுபட்டிருக்கிறது. சேலை கட்டுவதில் நான் எவ்வளவு கண்டிப்பு என்று பள்ளிக்கே தெரியும். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்து முந்தானையை எடுத்து என் தோளில் போட்டிருக்கிறாள். "பாடம் நடக்கிறப்ப என்ன சேட்டை?" என்று அவளை நான் அதட்டியது மட்டும் எனக்கே நினைவிருக்கிறது.

வகுப்புத் தலைவி ஓடிப்போய் அடுத்த அறையிலிருந்த இயற்பியல் ஆசிரியரை அழைத்து வந்தாள். அவர் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தார்.

"டீச்சர், ரெண்டு கையையும் மேல தூக்குங்க பாக்கலாம்."

நான் தூக்கினேன்.

"ரெண்டையும் தூக்குங்க டீச்சர்."

"ரெண்டுந்தான் தூக்கியிருக்கேன். உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா சார்?"

அவர் என்னிடம் வாதாடவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, மிஸ் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். மணி அடித்துப் பத்து நிமிடம்வரை நன்றாகத்தான் எழுதினார்கள் என்று சொன்னார்கள். அவர் தன் உள்ளங்கையில் பேனாவால் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டார். அவருடைய அப்பாவுக்கு இதே போல வந்து, எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல வீட்டில் ஆளில்லாமல் போனதாம். இதை அவர் பிறகு என்னிடம் சொன்னார். சேலத்து மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அடைப்பைக் கரைக்கும் ஊசியைச் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த உள்ளங்கையில் இருந்த நேரத்தால்தான் எனக்கு ஊசி கிடைத்தது.

என் கணவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளர். பட்டறை சேலம் ரோட்டிலேயே இருப்பதால், பள்ளி வேன் போகிற வழியில் அவரையும் ஏற்றிக்கொண்டார்கள். சட்டையெல்லாம் பெயின்டோடு ஓடிவந்து ஏறி எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். என் இடது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் ராசிபுரம் தாண்டும்வரை வலப்பக்கம் இருந்த இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டே வந்தேனாம்.

"எங்க வீட்டுக்காரருக்குச் சொன்னீங்களா சார்? ஏன் இன்னும் அவரு வரலீங்க?"

"இங்கதான் இருக்கேன் கண்ணு" என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறார். குரல் வருகிற திசையை விட்டு எதிர்ப்பக்கம் திரும்பி, சன்னலுக்கு வெளியே அவரைத் தேடினேனாம்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருந்த அந்த மருத்துவமனையில் ஊசி போட்டு, இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் வைத்திருந்து, மூன்றாம் நாள் அறைக்கு மாற்றினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, நடக்கவும் முடிகிறது, இடது கையில் மட்டும் கொஞ்சம் பலவீனம் என்று டாக்டர் சொன்னார். என் கணவர் அப்போதே என் ஊர்ப் பங்குச் சாமியாருக்குப் போன் போட்டு நன்றிப் பூசைக்குச் சொல்லிவிட்டார். சிக்கல் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

காலையில் தட்டில் நாலு இட்லி வந்தது. வலப்பக்கம் இருந்த இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு நோயாளிக்கு இரண்டு இட்லிதானா கொடுப்பது என்று கோபப்பட்டேன். என் கணவர் பேசாமல் தட்டை அரைவட்டம் சுற்றி வைத்தார். இரண்டு இட்லி வந்து சேர்ந்தது. "கேட்டாத்தான் குடுக்கறாங்க பாருங்க" என்றேன்.

தலை வாரினால் வலப்பக்கம் மட்டும் வாரினேன். ஒரு காதுக்குத்தான் கம்மல் போட்டுக்கொண்டேன். சிலுவை அடையாளம் போடும்போது நெற்றி, மார்பு, அப்புறம் இடது தோளை விட்டுவிட்டு நேரே வலது தோள். பிறந்ததிலிருந்து போட்டு வந்த சிலுவையில் ஒரு கையே இல்லாமல் போயிற்று. என்னைப் பார்க்க வந்திருந்த என் அக்கா அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் அழுதாள்.

ஒருநாள் மத்தியானம் படுக்கையில் என்னருகே ஒரு கை கிடந்தது. என் வலது கை தற்செயலாக அதைத் தொட்டது. சற்றே குளிர்ந்த, கனமான கை.

"இது யாரோட கைங்க?" என்றேன்.

"உன்னுதுதான்."

"எங்கையி இங்க இருக்குது." வலது கையை ஆட்டிக் காட்டினேன்.

"அந்த விரல்ல பாரு. நாம மாத்துன மோதிரம்."

நான் பார்த்தேன். என் கல்யாண மோதிரம்தான், சந்தேகமே இல்லை. "எம்மோதிரத்த யாரோ எடுத்துப் போட்டுக்கிட்டாங்க. ஆசுபத்திரியில நகைய எல்லாம் கழட்டச் சொன்னப்பவே நெனச்சேன்" என்றேன்.

இதை இப்போது எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. கரும்பலகை முன் நின்று சொல்கிற எந்த வாக்கியத்தையும் போல அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். என்னைக் கேட்பவர்களுக்கு இன்றுவரை புரியவைக்கக் கடினமான இடம் இதுதான். "இடப்பக்கம் இருட்டாத் தெரிஞ்சுதா மிஸ்?" என்று கேட்கிறார்கள். இல்லை. உங்கள் தலைக்குப் பின்னால் இப்போது என்ன தெரிகிறது? இருட்டா? இருட்டுகூட இல்லை அல்லவா. அங்கே பார்க்க ஓர் இடம் இருப்பதாகவே உங்களுக்குத் தோன்றுவதில்லை. எனக்கு இடப்பக்கம் அப்படித்தான் இருந்தது. கண்கள் நன்றாக இருந்தன. கண்ணிலிருந்து செய்தியும் போய்க்கொண்டிருந்தது. வந்ததைப் பொருட்படுத்த வேண்டிய பகுதி மட்டும் மூளையில் வேலை செய்யவில்லை. இல்லாத ஒன்றை இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டியதும் அதே பகுதிதான். ஆகவே புகார் கொடுக்க ஆளில்லை. மீதி மூளை சும்மா இருக்குமா? கிடைத்ததை வைத்து ஒரு கதையைச் சரியாகக் கட்டிக் கொடுத்துவிட்டது. இரண்டு இட்லியா, ஆசுபத்திரிக்காரர்கள் கஞ்சர்கள். மோதிரம் வேறு கையிலா, திருடிவிட்டார்கள்.

நரம்பியல் டாக்டர் என் வயதுக்காரர். நான் விலங்கியல் ஆசிரியை என்று தெரிந்ததும் ஒருநாள் மாலை வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சர், உங்க ஸ்கூல் லேப்ப நீங்கதானே பாத்துக்கறீங்க?"

"பதினாலு வருசமா."

"கண்ண மூடிக்கோங்க. வாசல்ல நின்னு உள்ள பாக்கறதா நெனச்சுக்கோங்க. என்னென்ன இருக்குதுன்னு சொல்லுங்க."

எனக்கு உற்சாகமாகிவிட்டது. அந்த ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை நகர்ந்தாலும் எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். நட்சத்திர மீன், கடற்குதிரை, குடுவையில் சுருண்ட நல்லபாம்பு, கை கழுவும் தொட்டி, வேப்பமரம் தெரிகிற சன்னல். என் கணவரை ஒரு தாளில் அதையெல்லாம் எழுதச் சொன்னார் டாக்டர்.

"நல்லது. இப்ப உள்ள நடந்துபோயி, கடைசிச் சுவத்துல முதுகச் சாச்சுக்கிட்டு வாசலப் பாத்து நில்லுங்க. இப்பச் சொல்லுங்க."

நுண்ணோக்கி அலமாரி, கண்ணின் மாதிரி உரு, காதின் மாதிரி உரு, மூலையில் தொங்கும் எலும்புக்கூடு, சுவர்க் கடிகாரம். தடுமாறாமல் சொன்னேன். அதையும் என் கணவர் எழுதினார்.

டாக்டர் இரண்டு தாள்களையும் வாங்கி, ஒன்றின் கீழ் ஒன்றாக, எனக்கு வலப்பக்கமாகப் படுக்கையில் வைத்தார்.

படித்தேன். முதல் தாளில் ஐந்து, இரண்டாவதில் ஐந்து. ஒன்றுகூட இரண்டிலும் இல்லை. இவ்வளவு வருடம் விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. இது ஒரே அறை. வாசலில் நின்றபோது எலும்புக்கூடு எங்கே போயிற்று? கடைசிச் சுவரில் நின்றபோது அந்தப் பாம்பு எங்கே போயிற்று? யாரும் எதையும் எடுத்து ஒளிக்கவில்லை, அந்த அறை என் மண்டைக்குள் இருக்கிறது. ஆசுபத்திரிக்காரர்களையோ சமையல்காரரையோ குற்றம் சொல்ல முடியாது. எங்கே நின்றாலும் எனக்கு இடப்பக்கமாக ஆனது எதுவோ அதுதான் காணாமல் போயிருக்கிறது.

"ரெண்டு வாட்டியும் நான் பாதிதான் சொல்லியிருக்கேன்" என்றேன்.

"ஆமாங்க டீச்சர்."

"இட்லி நாலு இருந்துச்சா?" என்று என் கணவரைக் கேட்டேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தக் கை யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயமாக இருந்தது. இந்த நோயில் நான் பயந்தது அந்த ஒரு மாலைதான். மறுநாள் காலை எழுந்ததும் டாக்டரிடம் சொன்னேன்: "எனக்கு இடப்பக்கம் தெரியல. ஆனா தெரியலேங்கிறது இப்பத் தெரியும். இனி என்ன பண்ணணும்னு சொல்லுங்க." அவர் சிரித்தார். இந்த வாக்கியத்துக்குச் சிலபேர் வந்து சேரவே மாதக்கணக்காகிறது என்றார்.

வீடு திரும்பியதும் பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வந்தாள். திருச்செங்கோட்டுப் பக்கம் சொந்த ஊர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வந்த முதல் நாளே எங்கள் வீட்டைத் தலைகீழாக மாற்றிவிட்டாள். கட்டிலைத் திருப்பிப் போட்டு, கதவு என் இடப்பக்கம் வரும்படி செய்தாள். டி.வி.யை இடப்பக்கம் நகர்த்தினாள். தண்ணீர்ச் செம்பு, கண்ணாடி, போன், ஜெபமாலை, எல்லாம் இடப்பக்கம். பார்க்க வருகிறவர்களும் இடப்பக்கம்தான் உட்கார வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

பிறகு பையிலிருந்து சிவப்பு டேப் ஒன்றை எடுத்தாள். சாப்பாட்டுத் தட்டின் இடது விளிம்பில் ஒட்டினாள். செய்தித்தாளின் இடது ஓரத்தில் ஒட்டினாள்.

"இந்தச் செவப்பக் கண்டுபிடிக்கிற வரைக்கும் தலையத் திருப்புங்க சாமி. செவப்பு தெரியாம ஒரு வாய்கூட எடுக்கக் கூடாது, ஒரு வரிகூடப் படிக்கக் கூடாது."

"எனக்கு நேராத்தான் பாக்கற மாதிரி இருக்குது."

"உங்களுக்கு அப்படித்தானுங்க இருக்கும். உங்க மூளை நேருன்னு சொல்றத நம்பாதீங்க. கோணையா இருக்குதுன்னு தோணற வரைக்கும் திரும்புங்க. அதுதான் இப்ப நேரு."

என் மூளையை நம்பாதே என்று என்னைவிட இருபது வயது சின்னவள் எனக்குச் சொன்னாள். நான் அப்படியே செய்தேன். கழுத்து வலிக்கும்வரை திருப்புவேன். எதுவுமில்லை, எதுவுமில்லை என்று தோன்றும். திடீரென்று சிவப்பு வந்து நிற்கும், கூடவே தட்டில் பொரியலும் வந்து நிற்கும். முதல் வாரம் முழுக்க எனக்கு அது ஒரு வித்தையைப் போல இருந்தது.

அவளுக்கு அடுத்தபடியாக எனக்குப் பயிற்சி கொடுத்தவர் என் கணவர். அவர் வாழ்நாளெல்லாம் லாரிகளுக்கு நடுவில் இருந்தவர். லாரியில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம். இடப்பக்கம் அவருக்குச் சரியாகத் தெரியாது. அதற்குத்தான் அந்தப் பக்கம் பெரிய கண்ணாடி வைப்பார்கள், ரிவர்ஸ் எடுக்கும்போது ஓர் ஆள் அந்தப் பக்கம் நின்று குரல் கொடுப்பார். "எந்த டிரைவரும் எடப்பக்கம் தெரியலைன்னு வண்டிய நிறுத்தறதில்ல கண்ணு. அதுக்குப் பழகிக்கறான்" என்றார். நான் எழுந்து நடந்தால் பின்னாலேயே வருவார். "லெஃப்ட் பாரு... வரலாம் வரலாம்... லெஃப்ட்ல கதவு நெல இருக்குது, பாரு." பட்டறையில் கத்துகிற அதே குரல். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் வாசலுக்கு வந்து வண்டியைத் தேடினார்கள்.

அப்படியும் என் இடது தோள் மோதாத கதவு எங்கள் வீட்டில் இல்லை. முழங்கையில் எப்போதும் ஒரு கருநீலம். சண்டையும் நிறைய வந்தது. எனக்குள் ஏதோ ஒன்று மட்டுப்பட்டிருந்தது. எதிரே இருப்பவர் சொல்கிற சொல் புரியும், அவர் குரலில் இருக்கும் கோபமோ வருத்தமோ என்னை எட்டாது. என் கணவர் கோபத்தை அடக்கிக்கொண்டு அமைதியாகச் சொல்வார், நான் வேண்டுமென்றே புரியாதவள்போல் நடிப்பதாக அவருக்குத் தோன்றும். "கல்லுகிட்டப் பேசற மாதிரி இருக்குது" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அதையும் நான் ஒரு தகவலாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிசியோதெரபிப் பெண்ணிடம் சொன்னபோது அவள் அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணா, மூளையில அடிபட்ட அதே பக்கந்தானுங்க மத்தவங்க கொரல்ல இருக்கிற கோவதாபத்தையும் கேட்டுச் சொல்லும். அது இன்னும் முழிக்கல. கோவம் வந்தா 'எனக்குக் கோவம்'னு வார்த்தையாச் சொல்லிப்போடுங்க. வருத்தமா இருந்தாலும் அப்புடியே."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு வேடிக்கையாக இருந்தது. "எனக்கு இப்பக் கோவமா இருக்குது" என்பார் அவர், பால் பொங்கிவிட்டது என்று சொல்கிற மாதிரி. "சரிங்க" என்பேன் நான். இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததே இல்லை.

நான்காம் மாதம் வாக்கில் குரல்களில் மறுபடி நிறம் ஏற ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து, எங்கள் இருவரையும் என் அண்ணன் மகன் காரில் ஜேடர்பாளையம் கூட்டிப்போனான். காவிரியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அவன் மீன் வறுவல் வாங்கப் போய்விட்டான். நாங்கள் தடுப்பணையைப் பார்த்தபடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் வழக்கம்போல் என் இடப்பக்கம்.

எனக்கு வெகுநாளாக ஒரு கேள்வி இருந்தது. நேராகவே கேட்டேன்.

"ஏனுங்க, நான் ஆசுபத்திரியில கெடந்தப்ப எங்க அக்கா அழுதா, இயற்பியல் சார்கூடக் கண்ணத் தொடச்சாரு. நீங்க ஒரு நாளுகூட அழுது நான் பாக்கலீங்க. உங்களுக்கு ஒண்ணுமே தோணலீங்களா?"

தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"வேன்ல ஏறுனதுல இருந்து அழுதேன். தினமும் அழுதேன்."

"நான் பாக்கலியே."

"நீ பாக்க மாட்டீன்னு தெரிஞ்சுதான் எடப்பக்கம் உக்காந்தேன்."

நான் தலையைத் திருப்பினேன். கோணலாகத் தோன்றும்வரை, அதற்கு மேலும் திருப்பினேன். அவர் முகம் முழுசாக வந்தது. பிசியோதெரபிப் பெண் எல்லாரையும் இடப்பக்கம் உட்காரச் சொன்னதற்கு முன்பே அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். என் கட்டிலுக்கு இடப்பக்கம், எனக்கு இல்லாத ஓர் இடத்தில், எனக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து ஒரு மனிதர் நாள்தோறும் அழுதிருக்கிறார். நானோ வேனில் ஆளே வரவில்லை என்று புகார் சொல்லியிருக்கிறேன், கட்டிலில் இரண்டு இட்லிக்குக் கோபப்பட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறேன். நோய் வந்த பிறகு முதல்முறையாக அழுகை வந்தது. மீனோடு வந்த அண்ணன் மகன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, காரில் எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பிப் போனான்.

ஆறாம் மாதம் பள்ளிக்குப் போய்த் தாளாளரைப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். அலுவலகத்தில் ஓர் இருக்கை தயாராக வைத்திருந்தார். விடுதிப் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டால் போதும், சம்பளம் குறையாது என்றார்.

"எனக்கு வகுப்புத்தான் வேணுங்க ஐயா."

"பெத்தவங்க ஏதாச்சும் சொல்லிருவாங்கம்மா. பாதி கிளாஸ் உங்களுக்குத் தெரியாதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க."

"தெரியாமத்தான் இருந்துச்சு. இப்பத் தெரியாத பக்கத்தத் தேடிப் பாக்கத் தெரியும். மத்த டீச்சருங்க தெரிஞ்ச பக்கத்தையே பாத்துட்டுப் போயிருவாங்க. நாளைக்கு ஒரு பீரியடு எடுக்கறேன். நீங்க எந்த மூலையில வேணும்னாலும் உக்காந்து பாருங்க."

மறுநாள் வந்து உட்கார்ந்தார். நான் பாடத்துக்கு முன்பே ஒரு முறையை யோசித்து வைத்திருந்தேன். வகுப்புக்குள் போனதும் நேரே இடது சுவருக்குப் போய், சன்னல் கம்பியைக் கையால் தொட்டுவிட்டு, அங்கிருந்து பேச ஆரம்பிப்பது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தச் சுவருக்குத் திரும்பி நடப்பது. கேள்வி கேட்பதை எப்போதும் இடது ஓர வரிசையிலிருந்து தொடங்குவது. சிறுநீரகம் பற்றிய பாடம். நாற்பது நிமிடம் எடுத்தேன். முடிந்ததும் தாளாளர் எழுந்து, ஓர வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தியை நான் இரண்டு தடவை எழுப்பியதாகவும், அவள் தூங்கியதைத் தானே கவனிக்கவில்லை என்றும் சொன்னார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து எனக்குக் கால அட்டவணை வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டுவிட்டேன். இரண்டு பேர் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினால் இடப்பக்கக்காரர் இன்றும் மறைந்துபோகிறார். டாக்டர் என் இரண்டு கைகளையும் ஒரே சமயத்தில் தொட்டால் வலது கையைத் தொட்டது மட்டுமே தெரிகிறது. இடது கையைத் தனியே தொட்டால் தெரிகிறது. களைத்துப்போன நாட்களில் தட்டில் ஏதாவது மீந்துவிடும். இவையெல்லாம் என்னோடு இருக்கும். நான் அவற்றோடு வேலைக்குப் போய்வருகிறேன்.

நரம்பு மண்டலப் பாடத்தை இப்போது வேறு மாதிரி நடத்துகிறேன். முன்பெல்லாம் மூளையை ஒரு இயந்திரம் போலப் பாகம் பாகமாகக் கழற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் "இதையெல்லாம் வைத்துக்கொண்டு நாம் நடந்துகொள்கிறோம்" என்று முடிப்பேன். அந்த 'நாம்' எங்கோ தனியாக மேலே உட்கார்ந்திருப்பது போல. அப்படி யாரும் என்னைக் காப்பாற்ற வரவில்லை. ஒரு நெல்லிக்காய் அளவு இடத்துக்கு ரத்தம் போகவில்லை, அவ்வளவுதான். என் மோதிரம் திருட்டுப் போயிற்று, கணவர் காணாமல் போனார், என் நியாயம் மட்டும் எனக்குக் குறையாமல் இருந்தது. பிறகு அதே மூளைதான், ஒரு சிவப்பு டேப்பையும் ஒரு பட்டறைக் குரலையும் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வகுப்பில் யாரும் மணியைப் பார்ப்பதில்லை.

சனிக்கிழமைகளில் அந்தப் பிசியோதெரபிப் பெண் இப்போது சொந்தமாக நடத்தும் நிலையத்துக்குப் போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வருகிறேன். புதிதாக வரும் நோயாளிகளின் வீட்டாரோடு பேசுவது என் வேலை. போன வாரம் பரமத்திப் பக்கமிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரரை அழைத்து வந்திருந்தார்கள். முகத்தில் ஒரு பக்கம் மழமழவென்று சிரைத்திருந்தது, மறுபக்கம் நாலு நாள் தாடி. ஊரே சிரிக்கிறது என்று அவர் மனைவிக்கு அவமானம்.

"வேணும்னே பண்றாருங்க" என்றார் அந்த அம்மா. "சொன்னா, எல்லாஞ் செரச்சாச்சு போடின்னு கத்தறாரு. முன்னெல்லாம் என்னைய அதட்டிக்கூடப் பேசுனதில்லீங்க. எதுக்கு இந்த வயசுல இந்த வீம்பு?"

"வீம்பு இல்லீங்க. அவருக்கு நெசமாவே முழுசாச் செரச்ச மாதிரிதான் இருக்குது. நானும் இப்படித்தான் எல்லார்கிட்டயும் கத்துனேன்."

அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "உங்களுக்கா? பாத்தா அப்புடித் தெரியலீங்களே. யாரு கூட்டிக்கிட்டு வந்தாங்க?"

"பஸ்ல தனியாத்தான் வந்தேன். இடப்பக்கச் சன்னல் சீட்டுல உக்காந்துக்குவேன். அந்தப் பக்கம் வெறும் கம்பிதான், என்னைய யாரும் இடிக்க மாட்டாங்க."

"அப்ப இவருக்கும் முழுசாச் சரியாயிருங்களா?"

"முழுசா ஆகும்னு நான் சொல்ல மாட்டேங்க. என்னவிட மெதுவாவும் ஆகலாம், சீக்கிரமாவும் ஆகலாம். மொதல்ல நீங்க எந்திரிச்சு அவருக்கு எடப்பக்கமா வந்து உக்காருங்க. பேச்சக் குடுத்துக்கிட்டே இருங்க. திட்டுனாலும் நகராதீங்க."

அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவருடைய இடப்பக்கம் போனார்.